பத்தில் ஒரு கிரெயின்

பங்கு பிரித்தாகிவிட்டது.
படகு உனக்கு, உறைபெட்டி எனக்கு.
நாய் தானே முடிவுசெய்து
உன் வண்டியில் ஏறிப் படுத்துக்கொண்டது.
கடைசியாக, நிலவறை மேசைமேல்
இரண்டு தராசுகள்.

கூஹ்மோவில் நவம்பர்.
மூன்று மணிக்கே இருட்டு.
மூஸ் வேட்டைக்கு இன்னும் இரண்டு சனிக்கிழமைகள்.
காலித் தோட்டாக் கூடுகள் ஐம்பது
பலகைக் குழிகளில் வாய் பிளந்து நிற்கின்றன.
மருந்து நிரப்ப வேண்டிய நாம்
வழக்கறிஞர் வீட்டுப் படியேறி இறங்கியதில் களைத்திருக்கிறோம்.

ஒரு கிரெயின் என்றால்
ஒரு வாற்கோதுமை மணியின் கனம்.
அந்த மணியைப் பத்தாகப் பிளந்து
அதில் ஒரு துண்டுக்காகப்
பதினோரு வருடம் வாதாடியிருக்கிறோம், வெய்க்கோ.

உன்னுடையது மின்தராசு.
தட்டில் கொட்டினால் கண் இமைப்பதற்குள் எண்.
அவசரக்காரத் தராசு, உன்னைப்போல
என்று சொல்ல வாயெடுத்தேன்.
ஆனால் நீ
ஒரு படகுக்கு வண்ணம் பூச
இரண்டு கோடைகாலம் எடுத்துக்கொண்டவன்.
பிறகு ஏன் வாங்கினாய் அதை?

என்னுடையது கோல்தராசு.
கத்திமுனையில் கிடக்கும் ஒரு கோல்,
ஓரத்தில் ஒரு முள், எதிரே ஒரு கோடு.
சௌனா அடுப்பு மூட்டினால் ஆடும்.
தும்மினால் ஆடும்.
முள் அடங்கும்வரை
மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும்.
எனக்கு அது பிடிக்கும்.

ஒரே சிட்டிகை மருந்து.
கோலில் சரியாக நின்றது,
எண்ணில் பத்தில் இரண்டு கூடுதல்.
"என் தராசு பொய் சொல்லாது."
இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.
படிக்கல் பெட்டியைத் திறந்தால்
ஒரு குழி காலி, மற்றதெல்லாம் துரு.

மறுநாள்
குண்டு ஒன்றைக் கைக்குட்டையில் முடிந்து
மருந்தகத்துக்கு எடுத்துப் போனேன்.
அங்கே பின்னறையில்
கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு தராசு உண்டு,
வருடம் ஒருமுறை ஓலுவிலிருந்து ஆள் வந்து
முத்திரை ஒட்டிப் போகிற தராசு.
ஹெல்லெவி பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.
பத்து கிராம், ஐம்பது மில்லிகிராம்.
கணக்குப் போட்டேன்:
நூற்று ஐம்பத்தைந்து புள்ளி ஒன்று.

மாலையில் கோலில் வைத்தோம். புள்ளி ஒன்று.
மின்தராசில் வைத்தோம். புள்ளி ஒன்று!
சிரித்தே விட்டாய்.
அப்போது மூலையில்
உறைபெட்டி உறுமி எழுந்தது,
வயிற்றில் போன வருடத்துக் கறியோடு.
புள்ளி மூன்று.
அது அடங்கியதும் புள்ளி இரண்டு.
மறுபடி ஒன்றுக்குத் திரும்பவே இல்லை.

ஜெயித்த கையோடு தாராளம் வந்தது எனக்கு.
"கோலை நீயே எடுத்துக்கொள்" என்றேன்.
கண்ணாடியைக் கழற்றினாய்.
மாட்டினாய்.
தலையைச் சாய்த்து, பின்வாங்கி,
விளக்கை இழுத்துப் பார்த்தாய்.
"எனக்கு இரண்டு முள் தெரிகிறது, சிர்க்கா."

எப்போதிலிருந்து?

"அதை வாங்கினேனே,
அந்தக் குளிர்காலத்திலிருந்து."

நான்கு குளிர்காலம்.
அத்தனையிலும் நான்
பொறுமை கெட்டவன் என்றேன்,
நீயும்
சரி, அப்படியே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறாய்.

குண்டின்மேல் நாடா ஒட்டி எடையை எழுதினேன்,
பெரிய எழுத்தில்.
பத்துத் தோட்டாவுக்கு ஒருமுறை இதை வைத்துப் பார்.
மாறினால் அந்தப் பத்தையும் கொட்டிவிடு.
உறைபெட்டிப் பக்கம் வைக்காதே.
"உறைபெட்டி உன் பங்கு" என்றாய்.
ஆமாம்.

அன்றிரவு ஐம்பதையும் நிரப்பினோம்.
நீ எண்ணைப் படித்தாய்,
நான் முள்ளைப் பார்த்தேன்,
இரண்டும் ஒத்துப்போனதை மட்டும் மூடினோம்.
ஒத்துப்போகாதவை பதினேழு.
மறுபடி கொட்டி, மறுபடி.
முடியும்போது மணி ஒன்று.

பிரித்தெடுத்தோம்:
இருபத்தைந்து உனக்கு, இருபத்தைந்து எனக்கு.
வெளியே நாய்
வண்டிக்குள்ளிருந்து குரைத்துக்கொண்டிருந்தது.