ஆகஸ்டில் ஒரு ஹீட்டர்

ஆகஸ்ட் மாத மின்கட்டணத்தில்
ஹீட்டர் என்றொரு வரி இருந்தது.
சிவப்புப் பேனாவால் அதைச் சுழித்தவன் நான்தான்.

லூசியானா, ஹோமா நகரம்.
சட்டை முதுகைவிட்டுப் பிரியாத மாதம்.
ஆவணக் காப்பகத்தின் கூரைமேல்
ஓர் எந்திரம் காற்றைக் குளிர வைக்கிறது,
முழம் தள்ளி இன்னொன்று அதையே சூடாக்குகிறது.
பிள்ளையைக் கிள்ளுவதும் தொட்டிலை ஆட்டுவதும் ஒரே கை,
இரண்டுக்கும் கூலி எங்கள் பையிலிருந்து.

அணைக்கச் சொன்னேன்.
திரையில் ஒரு சொடுக்கு, அவ்வளவுதான்.
செப்டம்பரில் ஆயிரத்து நூற்று நாற்பது டாலர் மிச்சம்.
ஈரமே இல்லாத ஆள் என்று
அலுவலகத்தில் என்னைச் சொல்வார்கள்.
பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அக்டோபரில் எர்னஸ்டீன் வெர்டின் வந்தார்,
இறால் துறையிலிருந்து நேராக, ரப்பர் பூட்ஸோடு.
அவர்கள் குடும்ப நிலத்தின் பதிவு வேண்டும், 1891.
மூன்றாம் அலமாரி. அட்டையைத் திறந்ததும்
நனைந்த நாயின் வாசம்.
எழுதத் தெரியாத ஒருவர்
பெயருக்குப் பதிலாக இட்ட பெருக்கல் குறி
இருந்திருக்க வேண்டிய இடத்தில்
சாம்பல் பச்சையாய்ப் பூஞ்சணம் படர்ந்திருந்தது.
அவர் எதுவும் கேட்கவில்லை.
விரல் நுனியைத் தூக்கிப் பார்த்தார்.
ஜீன்ஸில் துடைத்துக்கொண்டார்.

அறை குளிராகத்தான் இருந்தது.
எழுபது, பாரன்ஹீட்டில்.
அதுதான் எனக்குப் புரியவேயில்லை.

ஒடெட் ஃபான்டெனோ ஏணியோடு வந்தாள்.
சுவரிலிருந்த தெர்மோஸ்டாட்டைச் சுண்டிவிட்டு
"பொய் சொல்லவில்லை, பாதி சொல்கிறது" என்றாள்.
கூரையில் எந்திரத்தின் பக்கத் தகட்டைக் கழற்றினாள்.
குளிர்ச்சுருள் முழுக்க வேர்த்திருந்தது.

"காற்றைப் பிழிய வேண்டுமானால்
நமக்கு வேண்டியதைவிடக் குளிர வைக்கணும்,
ஐம்பத்தைந்துக்கு, சில நாள் அதற்கும் கீழே.
அப்போதுதான் அது தண்ணீரை விடும்.
அதை அப்படியே உள்ளே அனுப்பினால்
அறை சட்டென்று குளிரும்,
இந்தப் பெட்டி போதும் என்று கம்ப்ரசரை நிறுத்தும்,
விசிறி மட்டும் ஓடும்,
சுருளில் வேர்த்ததெல்லாம் திரும்பவும் காற்றேறி
உங்கள் புத்தகங்களுக்கே வந்து சேரும்.
சூடு எதற்கு என்று கேட்டீர்கள்.
குளிர் பாதியில் எழுந்து போகாமலிருக்க."

கட்டணம்? என்றேன். வாய் என்னுடையதாயிற்றே.

"நீங்கள் சுழித்ததும் தப்பில்லை.
மின்கம்பிச் சூடு காசை எரிக்கிறது."
பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து
வெளிவிசிறியின் மேல் நீட்டினாள்.
வெந்நீர் கொதிக்கிற வாய்போல் காற்று.
"இது உங்கள் அறையில் எடுத்த சூடு.
வானத்துக்குத் தானம் போகிறது."

மூன்று வாரம் பிடித்தது.
பன்னிரண்டு அடி செம்புக் குழாய், ஒரு மூவழி வால்வு.
கம்ப்ரசரைவிட்டுக் கொதித்து வரும் வாயுவில்
ஒரு பங்கைத் திருப்பி அழைத்து
குளிர்ச்சுருளுக்குப் பின்னே இன்னொரு சுருளில் ஓடவிட்டாள்.
ஈரப்பதம் ஐம்பதைத் தாண்டினால்
முதலில் பேசுவது ஈரமானி.
தெர்மோஸ்டாட் காத்திருக்கும்,
வால்வு மட்டும் கொஞ்சம் திறக்கும், கொஞ்சம் மூடும்,
அறை எழுபதில் நிற்க.

முதல் இரவு வடிகுழாயின் கீழ் ஒரு வாளி வைத்தேன்,
பழக்கதோஷம், அளக்கலாமென்று.
காலையில் நிரம்பிக் கூரையெல்லாம் ஓடியிருந்தது.
வழிந்ததற்குக் கணக்கில்லை.

வெர்டினுக்கு எழுதிய கடிதத்தை
'வருந்துகிறோம்' வரைக்கும் எழுதி நாலு முறை கிழித்தேன்.
ஐந்தாவதோடு ஒரு படத்தை வைத்தேன்:
பூஞ்சணத்தைத் துடைத்த பக்கம்,
விளக்கைச் சாய்த்துப் பிடித்து எடுத்தது.
மை போய்விட்டது.
பேனா அழுத்திய பள்ளத்தில் ஒரு கோடு தெரிகிறது.
அதைக் குறுக்கே வெட்டிய இன்னொன்று
இருக்கலாம்.