நிகழ்ச்சி நிரலில் ஏழாவது

என் வேலை எழுதுவது.
யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார்,
எத்தனை கை உயர்ந்தது.
நாற்றம் குறிப்பில் ஏறாது.

பிரிக்கெட் கவுண்டி, ஐடஹோ. மார்ச், இரண்டாம் செவ்வாய்.
ஏழாவது பொருள்: வில்லோ பெண்ட்
நடமாடும் வீடுகளுக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பு.

நடமாடும் வீடு என்பது சட்டத்தின் சொல்.
முப்பத்தெட்டு வீடும் கடைசியாக நடமாடியது
நான் பள்ளிக்கூடம் போன காலத்தில்.
சக்கரத்தைக் கழற்றி விற்றும் ஆயிற்று.
வீடு அவர்களுடையது.
வீட்டுக்குக் கீழே கிடக்கிற மண்
ஃபீனிக்ஸில் இருக்கிற ஒருவருடையது.
மண்ணுக்குள் நிரம்பி வழிகிற தொட்டி யாருடையது என்று
நாற்பது நிமிடம் பேசினோம்.
பேசினோம் என்கிறேன். நான் பேசவில்லை.

சாலைக்கு அந்தப் பக்கம் ஓடுகிறது குழாய்.
முந்நூற்று நாற்பது அடி.
போன வருஷம் அதே குழாயிலிருந்துதான்
கோல்ஃப் மைதானத்துக்குக் கிளை கொடுத்தது.
பதினொரு நிமிடம் ஆனது,
அதில் நாலு நிமிடம் வாழ்த்துரை.

பேச வந்தவர்கள் கையெழுத்திட்ட தாள்:
வீட்டு எண் நாலு, பன்னிரண்டு, பதினெட்டு,
இருபத்திரண்டு, முப்பது, முப்பத்தாறு.
எல்லாம் இரட்டைப்படை.
தற்செயல் என்று நினைத்தேன்.

ஆளுக்கு மூன்று நிமிடம். பச்சை, மஞ்சள், சிவப்பு.
ஆர்வில் ஸ்டூட்ஸ்மன் பச்சை முழுவதையும்
தொண்டையைச் செருமியே தீர்த்தார்.
மஞ்சளில், "என் மனைவிக்குச் சிறுநீரகம் சரியில்லை" என்றார்.
சிவப்பில் உட்கார்ந்தார்.

அடுத்து யெசெனியா பராஹாஸ், எண் பதினெட்டு.
டயர்க்கடையில் இனாமாகக் கொடுத்த காலண்டரை
விரித்துப் பிடித்தாள்.
செவ்வாய், வியாழன், சனி: ஒற்றை எண் வீடுகள்.
திங்கள், புதன், வெள்ளி: இரட்டை.
அவரவர் நாளில்தான் துவைப்பு, குளிப்பு,
மனசாட்சி உறுத்தாமல் ஒரு ஃபிளஷ்.
எல்லாரும் ஒரே நாளில் தண்ணீர் விட்டால்
ஒன்பதாம் எண்ணின் குளியல் தொட்டியில்
மேலேறி வருகிறது
எல்லாருடையதும்.

"ஞாயிறு?" என்றார் கமிஷனர் ஹாஃப்மயர்.
"சர்ச்சுக்குப் போகிறோம்.
அங்கே கழிவறை இருக்கிறது."

சிரித்தார்கள். சிரிப்பும் குறிப்பில் ஏறாது.

இணைப்புக் கட்டணம் வீட்டுக்கு ஆறாயிரத்து இருநூறு டாலர்.
ஃபீனிக்ஸ்காரரின் வக்கீல் ஸ்பீக்கரில் வந்தார்.
கட்டச் சொன்னால் மனை வாடகை ஏறும்,
கட்டாயப்படுத்தினால் இடத்தையே மூட நேரும்.
நாளைக்கு மழை வரலாம் என்பது போலச் சொன்னார்.

கோலீன் ஆஷ்பர்ன் மட்டும் கேட்டார்,
அந்த ஒன்பதாம் எண்காரர் எங்கே என்று.
"வரவில்லை," என்றாள் யெசெனியா.
"செவ்வாய் அவள் முறை. மூன்று பிள்ளைகள்.
துணி குவிந்து கிடக்கும்."

அப்போதுதான் தாளை மறுபடி பார்த்தேன்.
நாலு, பன்னிரண்டு, பதினெட்டு.

தீர்மானம்: பொறியாளரின் அறிக்கை வரும்வரை ஒத்திவைப்பு.
ஆதரவு மூன்று, எதிர்ப்பு இரண்டு.
மறு விசாரணை ஏப்ரல் பதினாலு,
வழக்கம்போல் செவ்வாய்.

ஆட்கள் போன பிறகு நாற்காலிகளை அடுக்கினேன்.
கழிவறைக்குப் போனேன். கைப்பிடியை அழுத்தினேன்.
போயிற்று.
எங்கே போகிறது என்று இருபத்தாறு வருஷமாக
கேட்டதில்லை நான்.

இப்போது பத்திரிகைக்குப் போகவேண்டிய
அறிவிப்பை அடிக்கிறேன்.
ஏப்ரல் பதினைந்து, புதன்.
யெசெனியாவால் வரமுடியாது; அவள் பேசிவிட்டாள்.
இருபத்தாறு வருஷத்தில் ஒரு எழுத்துப்பிழை
யாருக்கும் நேரும்.

புதன்கிழமை அரங்கத்தில் நடன வகுப்பு.
முதலில் மெர்லைக் கூப்பிட்டுக்
கெஞ்ச வேண்டும்.