தேங்கி நிற்கட்டும்

மொந்தேவிதேயோ. பொத்தான் கடையின் பின்னறை.
இருபத்தாறு வருடச் செவ்வாய்க்கிழமைகள்.
நப்தலி "இருக்கிறார்" என்பான்.
நான் "எங்கே, காட்டு" என்பேன்.
எங்கள் ஏடுகள் இரண்டாம் பக்கத்தில்தான் தொடங்கும்.
"முதல் பக்கத்தை உன் ஆள் ஒளித்து வைத்திருக்கிறாரோ?"
சிரித்துக்கொண்டே மாத்தேக் குடுவையை
என் பக்கம் தள்ளுவான்.

மார்ச்சில், ஆற்றின் அகன்ற வாயில்
அவன் மகன் லேயிப்பின் படகு கவிழ்ந்தது.
ஏழு நாள். கண்ணாடிக்குத் துணி, குட்டை முக்காலி,
கிழித்த கோட்டு மடிப்பு.
பத்துப் பேர் கணக்குக்கு என்னையும் எண்ணினார்கள்;
இல்லை என்பவனும் ஆள்தானே.
"ஆமென்" வரும் இடங்களில் சொன்னேன்.
நன்றாகவே வந்தது,
அப்பாவின் தொண்டை எனக்கு.

அடுத்த செவ்வாய் நப்தலி வந்தான்.
கோட்டைக் கழற்றவில்லை.
எலியில் நிறுத்தியிருந்தோம்:
பஸ்காவுக்கு முன் புளித்த அப்பம் தேடி
வீட்டைத் துடைத்தாயிற்று.
துண்டோடு ஓர் எலி உள்ளே போகிறது,
துண்டோடு ஓர் எலி வெளியே வருகிறது.
அதே எலியா? அதே துண்டா?
மறுபடி தேட வேண்டுமா?

"உன் எலி. நீயே பிடி," என்றான்.
"என் பக்கம் இனி ஆளில்லை."

ஒரு கை தட்டி ஓசை எழுமா.
நாற்காலியை இழுத்துக்கொண்டு
மேசையைச் சுற்றி
அவன் பக்கம் போய் உட்கார்ந்தேன்.
அவன் வாதங்கள் எனக்கு மனப்பாடம்.
எது கெட்டி, எதில் விரிசல்,
தட்டித் தட்டிப் பார்த்தவன் நான்.
"இருக்கிறார் என்று வைத்துக்கொள்..."
என் குரல் எனக்கே கூசியது.
அரைப் பக்கம் தாண்டவில்லை,
"தப்பு," என்றான்.
"நான் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை."
"பின் எப்படிச் சொன்னாய்?"

பதில் இல்லை.
கோட்டின் மேல் பொத்தானை மட்டும்
கழற்றினான்.

பத்தியின் முடிவில் ஓர் அராமியச் சொல்: தேக்கு.
தீராத கேள்வியை
அடித்துவிடாமல், அதற்காக வெட்கப்படாமல்
ஏட்டிலேயே விட்டுவைக்கும் சொல்.
தேங்கி நிற்கட்டும்.
எத்தனை தலைமுறையாய் நிற்கிறது,
அந்த எலியும்,
அல்லது வேறோர் எலியும்.

குடுவையில் நீர் ஆறிப்போயிருந்தது.
இருந்தும் குடித்தோம்.
அடுத்த வாரம் யார் எந்தப் பக்கம் என்று
பேசிக்கொள்ளவில்லை.
விளக்கை அணைக்கும்போது பார்த்தேன்,
மேசையின் ஒரே பக்கத்தில்
இரண்டு நாற்காலிகள்.