கனைவ், வினைச்சொல்

மதுக்கூர் ஜெஸிமா
நாளுக்குப் பத்துச் சொல் அனுப்புகிறாள்.
வங்கித் தேர்வுக்கு இன்னும் நாற்பத்தொரு நாள்.
குறுவை நெல் வந்து குவியும் கொள்முதல் நிலையத்தில்
தகரக் கொட்டகைக்குக் கீழே
பட்டியல் எழுதுகிறவள் நான்.
பருவகால வேலை.
ரசீதுப் புத்தகத்தின் ஓரத்தில்
சொற்களைக் குறித்துவைக்கிறேன்.
சில நாள் கார்பன் தாளை எடுக்க மறந்து
யாரோ ஒருவரின் சிட்டா எண்ணுக்குக் கீழே
‘அபேட்: தணிதல்’ என்று
நீலமாகப் பதிந்துவிடுகிறது.

இங்கிலீஷை வெறும் வாயில் விழுங்காதே,
தமிழைத் தொட்டுக்கொள் என்பாள் ஜெஸிமா.
பாசிட்டி:
பாசிகூட இல்லாத குளம். பற்றாக்குறை.
கேண்டர்:
கண்டார், கண்டபடி சொன்னார். ஒளிவுமறைவின்மை.
லுகூப்ரியஸுக்கு மட்டும்
இருவருக்கும் ஒன்றும் அகப்படவில்லை.
லாரி வராத மூன்றாம் நாள்
தார்ப்பாயின்மேல் நனைந்து உட்கார்ந்திருந்த
காக்கையைப் படம்பிடித்து அனுப்பினேன்.
‘போதும்’ என்று பதில் வந்தது.

இன்சிப்பியன்ட்டைப் பக்கிரிசாமி கொண்டுவந்தார்.
தன் அம்பாரத்தின் அடியோரத்தில் கைவிட்டு
ஒரு பிடி அள்ளி என் மேசையில் வைத்தார்.
நெல்லின் மூக்கில் வெள்ளையாக,
ஊசிமுனையைவிடச் சின்னதாக.
‘தொடக்க நிலையில் உள்ள.’
அவர் ஒன்றும் கேட்கவில்லை.
எட்டு ராத்திரியாகக் குவியலுக்குப் பக்கத்திலேயே படுக்கை.
முளைத்ததை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை
வெயில் எட்டிப்பார்த்த இரண்டு மணி நேரத்தில்
ரோட்டில் கொட்டிக் காயவைத்தார்.
பஸ்கள் ஒதுங்கிப் போயின.

நேற்றைய பத்தில் ஏழாவது
கனைவ்.
இதற்குத் தமிழ் தேட வேண்டியிருக்கவில்லை.
அம்புரோஸ் கனைப்பார்.
மீட்டர் பதினாறு புள்ளி எட்டு என்று காட்டும்போது
தொண்டையில் உமி சிக்கியதுபோல் ஒருமுறை.
பிறகு ‘பத்தொன்பது’ என்பார்.
நான் குனிந்து கார்பன் தாளை நேராக்குவேன்.
பதினேழுக்கு மேல் எடுப்பதில்லை என்று
போர்டிலேயே எழுதியிருக்கிறது.
அவரும் நெல்லுக்காரரும் கொட்டகைக்குப் பின்னால் போவார்கள்.
மூட்டைக்கு இவ்வளவு.
திரும்பி வரும்போது நெல் காய்ந்திருக்கும்.

அகராதியைப் பார்த்தேன்.
தப்பைக் கண்டும் காணாததுபோல் இருத்தல்.
கண்ணை மூடுதல் என்று ஒரு லத்தீன் வேர்.
அதோடு விடவில்லை.
பின்னால் ‘அட்’ வந்தால்தான் அந்தப் பொருள்.
‘வித்’ வந்தால்
கூட்டுச் சேர்ந்து செய்தல்.

சனிக்கிழமை ஸ்டேப்ளருக்கு அடியில்
ஒரு கவர் இருந்தது.
பிரிக்கவில்லை.
திருப்பிக் கொடுக்கவும் இல்லை.
டிபன் டப்பாவோடு பையில் போட்டுக்கொண்டு
பாமணி ஆற்றுப் பாலத்தைத் தாண்டி வீட்டுக்கும் வேலைக்குமாக
சுமந்துகொண்டிருக்கிறேன்.
பிரிக்காத கவருக்கு எது வரும்,
அட்டா, வித்தா?
இதை ஜெஸிமாவிடம் கேட்க முடியாது.
அவள் கேட்டிருந்தாள்:
கனைவுக்கு ஒரு வாக்கியம் எழுது.
சொந்த வாக்கியம்.
புத்தகத்து உதாரணம் செல்லாது.

இன்று மழை அபேட் ஆகவில்லை.
இப்படிக் கலந்து எழுதினால் மதிப்பெண் போகும், தெரியும்.
பக்கிரிசாமியின் முறை வந்தது.
அறுபத்திரண்டு மூட்டை.
அம்புரோஸ் ஒரு பிடியை மீட்டரில் போட்டுத் திருகினார்,
கனைத்தார்.
‘பதினாறு புள்ளி ஒன்பது’
என்றேன் நான்.
தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.
‘என்னம்மா?’ என்றார் பக்கிரிசாமி.
அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்.
சொன்னதைச் சொல்லாததாக்க
எனக்கு அவ்வளவு நேரமும் இருந்தது.
அம்புரோஸ் மறுபடி கனைத்தார்;
இந்தத் தடவை நிஜமாகவே சளி.
‘பதினாறு புள்ளி ஒன்பது’ என்று
லாரி டிரைவர் திரும்பிப் பார்க்கும்படி சொல்லிவிட்டு
எழுதினேன்.
ஒன்பதின் வால் கோடு தாண்டிப் போய்விட்டது.

நாளைக்கு எனக்கு வேலை இருக்குமா, தெரியாது.
கவர் இன்னும் பையில்தான்.
சாயங்காலம் ஜெஸிமாவுக்கு அனுப்பினேன்:
கனைவை இறந்தகாலத்தில் எழுதினால் ஒத்துக்கொள்வாயா?
‘எந்தக் காலமானாலும் சரி,
பின்னால் வரும் சொல் தப்பாமல் இருக்கணும்’
என்றாள்.