எந்தப் பனி

கார்த்திகை பத்து. காலை ஐந்தரை.
அடித்தளம் நான்கு அங்குலம், மேட்டின் தலையில் ஆறு.
உள்ளே மைனஸ் மூன்று, வெளியே பதினாலு.
கதவு ரப்பர் ஒரு பக்கம் பிய்ந்திருக்கிறது,
நேற்றும் இதை எழுதினேன்.

இப்படித் தினமும் முதலாளிக்கு அனுப்ப வேண்டும்.
அவர் ரப்பரை எடுத்துவிட்டு
'ஏற்காட்டில் பனிச்சறுக்கு, நிலைமை அருமை' என்று
சேலம் முழுக்க அனுப்புவார்.

நாகலூர் போகும் சாலையில்
சில்வர் ஓக் வரிசைக்குப் பின்னால் தகரக் கொட்டகை.
முப்பத்திரண்டு அடிச் சரிவு.
பதினோரு ஜோடி சறுக்குக் கட்டை,
ஒற்றைக் கட்டை ஒன்றுக்கு வார் இல்லை.
மலைமேல் கொட்டகை, கொட்டகைக்குள் ஒரு மலை.
இதைச் சொல்லிச் சொல்லிக் கொத்தனார் பெருமாயன்
இரண்டு நாள் சிரித்தார், கூலியும் வாங்கிக்கொண்டார்.

நான் செவ்வாய்ப்பேட்டை ஐஸ் பேக்டரியில் பதினெட்டு வருஷம்.
பாளமாக அறுத்து மீன் வண்டிக்கு ஏற்றியவன்,
கல்யாண வீட்டுக்கும்,
தூரத்துப் பிள்ளைக்காகக் காத்திருக்கும் சாவு வீட்டுக்கும்.
ஐஸ் எனக்குக் கனம்.
தோளில் சாக்கு போட்டுத் தூக்குவது.
இங்கே அதே தண்ணீரை
மாவாக உதிர்த்துத் தூவச் சொல்கிறார்கள்.
தூவுகிறேன்.

எடப்பாடியிலிருந்து போன்.
"சார், பனி இருக்குதுங்களா?"
எந்தப் பனி என்று கேட்க வேண்டியிருக்கிறது.
விடியலில் புல்லில் இருப்பதா,
பதினெட்டாவது வளைவில் ஹெட்லைட்டைத் தின்பதா,
முந்நூறு ரூபாய் டிக்கெட்டில் நாங்கள் விற்பதா.
ஒரே சொல்லை வைத்துக்கொண்டு
எத்தனை வியாபாரம்.

பதினொன்று. மூன்றே முக்கால் அங்குலம்.
வங்கக் கடலில் ஏதோ சுழல்கிறதாம்.
கடைசி பஸ் கண்டக்டர் வானத்தைப் பார்க்கவில்லை,
ஏரியில் படகுகளைச் சங்கிலி போடுவதைப் பார்த்துவிட்டு
"நாளைக்கு வரமாட்டேன்" என்றார்.
சனி ஞாயிறுக்கு நாற்பது பேர் பதிவு.

பன்னிரண்டு, இரவு ஒன்று பத்து.
கரண்ட் போனது.
கம்ப்ரஸர் நின்றால் ஒரு சத்தம் வரும்,
நிற்கும்போதுதான் அது காதில் விழும்.
ஜெனரேட்டர் விடியும்வரை இழுத்தது.
டீசல் கீழே கோரிமேட்டில்.
ஒன்பதாவது வளைவில் பாறை, குப்பனூர் வழியில் மரம்.
முதலாளி போனில் கத்துகிறார், காற்றும்.
எதற்குப் பதில் சொல்ல.

மூன்று அங்குலம்.
ஒன்றரை.
சரிவுக்கு அடியில் சிமெண்ட் தெரிந்தது,
வழுக்கைத் தலை போல.

மழைக்கு ஒதுங்க ஆறு பெண்கள் வந்தார்கள்,
காபிப் பழம் எடுப்பவர்கள்.
சடைச்சியின் முழங்கை வரை முசுறு கடித்துத் தடித்திருந்தது.
என்னைக் கேட்கவில்லை.
குவியலில் கையை நுழைத்தாள்.
கண்ணை மூடினாள்.
"அம்மாடி" என்றாள், வேறொன்றும் இல்லை.
பிறகு ஆறு பேரும் சுற்றி உட்கார்ந்து
மாவு பிசைகிற மாதிரி கைவைத்துக்கொண்டு
கிலோவுக்கு இந்த வருஷம் என்ன கூலி என்று
பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

"இதுக்கு எவ்வளவு?" சடைச்சி பலகையைப் பார்த்தாள்.
சீசன் இன்னும் ஆரம்பிக்கலை என்றேன்.

பதினாலு. காலை ஐந்தரை.
அடித்தளம் இல்லை. மேட்டின் தலையில் ஒரு கைப்பிடி.
உள்ளே பதிமூன்று, வெளியே பதிமூன்று.
முன்னறிவிப்பு: லைன்மேனைக் கேட்கவும்.
ரப்பர் அப்படியே இருக்கிறது.
வார் இல்லாத கட்டை
வாசல் ஓடைக்குக் குறுக்கே கிடக்கிறது.
நேற்று சாயங்காலம் ஏழு மூட்டைப் பழம்
அதன்மேல் போனது.
தாங்கியது.