நட்டு ஏறவில்லை

அரோசா கழியில் பிப்ரவரி.
நாற்பத்தொன்றாம் எண் சிப்பித் தெப்பம்
ஒரு பக்கம் தோள் சாய்த்து நிற்கிறது.
யூக்கலிப்டஸ் உத்தரம் இரண்டு பிரிந்ததில்
கயிறு கயிறாய்ச் சிப்பி
அடிமணலுக்குப் போய்விட்டது.

பிரிந்த இடத்து போல்ட் ஒன்றைக்
கைக்குட்டையில் சுற்றி எடுத்துப்போய்
இரும்புக்கடைப் பலகைமேல் அவிழ்த்தாள் ஒலாயா.
தலை இருந்தது.
கழுத்து, கடித்துத் துப்பிய பல்குச்சி.
"ஒன்பது மாதம்," என்றாள்.
"வாங்கும்போது முகம் பார்க்கலாம், அப்படி மின்னியது."

ப்ரெய்ஷோ அதைப் புரட்டினான்.
"மின்னியது துத்தநாகம்தான், பொய்யில்லை.
ஆனால் எட்டு மைக்ரான்.
மின்சாரத்தால் ஏற்றிய பூச்சு.
அறைக்குள் என்றால் ஆயுசுக்கும் போதும்.
இங்கே..."
முடிக்கவில்லை.
விற்றவனும் அவன்தான்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
கடல் இட்ட உப்பை
இரும்பு ஒருநாளும் மறந்ததில்லை.

துத்தநாகம்:
பெயரில் நாகம் இருக்கிறதே தவிர
கடிக்கத் தெரியாது, கடிபடத் தெரியும்.
இரும்புக்கு முன்னால் போய் நின்று
தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாய்த் தின்னக் கொடுக்கும்.
கீறல் விழுந்தால்
கீறலின் ஓரத்தில் நின்றபடியே காக்கும்.
ஆகவே எவ்வளவு மின்னுகிறது என்பதல்ல,
தின்ன எவ்வளவு இருக்கிறது என்பதுதான் பேச்சு.

உள்ளே போய் இன்னொன்று கொண்டுவந்தான்.
நீறு பூசிய முகம்.
நானூற்றைம்பது பாகையில் உருகிக் கிடந்ததில்
முழுக்கி, சுழற்றி, உதறி எடுத்தது.
ஐம்பது மைக்ரான்; அங்கங்கே திட்டு.
விரலுக்கு ஈரமணல் மாதிரி இருந்தது.

"இந்த அழகுக்கா கூடுதல் விலை?"
"இந்த அழகின்மைக்கு."

அறுநூறு போல்ட் எண்ணி வாங்கினாள்.
நட்டு வேண்டாம், வீட்டில் ஒரு பெட்டி கிடக்கிறது,
பளபளப்பானது, புதுசு, என்றாள்.
அந்த இடத்தில் அவன் வாயைத் திறந்திருக்க வேண்டும்.
தொலைபேசி அடித்தது.

மறுநாள் தெப்பத்தின் மேல்
வடமேற்குக் காற்று காதை அறுக்க
அவள் கொழுந்தன் ரோய் முதல் நட்டைத் திருகினான்.
ஒரு மரை.
இரண்டாம் மரை.
நின்றது.
எண்ணெய் விட்டான். வைதான்.
சுத்தியலைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான்.
வீங்கிய விரலில் பழைய மோதிரம் ஏறுமா?
தடித்த பூச்சுக்கென்றே
உள்மரை அகலமாய் வெட்டிய நட்டு உண்டாம்.
உண்டாம் என்று கரைக்கு வந்தபின் தெரிந்தது.
ஒரு நாள் கூலி, போகவர டீசல்.

"படகுப் பளுதூக்கிக்கும் இதையே கொடு," என்றாள்
அகல நட்டை எண்ணிக்கொண்டே.
இந்த முறை அவன் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தான்.

"அது வேண்டாம். அது உயர்வலிமை எஃகு.
பூச்சுக்கு முன் அமிலத்தொட்டியில் இறக்கினால்
ஹைட்ரஜன் உள்ளே புகுந்துவிடும்,
வெளியே தெரியாது, சத்தம் போடாது.
முறுக்கிப் பாரம் ஏற்றி இரண்டு நாள் கழித்து
நீ தூங்கும்போது டப்பென்று தலை பறக்கும்.
உடைந்த முகத்தில் ஒரு பொட்டு சிவப்பு இருக்காது.
துருவாவது சொல்லிவிட்டு வரும், ஒலாயா."

அதற்கு வேறு வைத்திருந்தான்:
துத்தநாகச் செதில் குழைத்த சாம்பல் சாயம்,
அமிலமும் மின்சாரமும் படாமல்
முக்கி, உலையில் சுட்டது.
மெல்லியது. ஏற்கெனவே இருக்கும் மரைக்கே பொருந்தும்.
விலை கேட்டாள். சொன்னான்.
கொஞ்ச நேரம் இருவரும் மழையைப் பார்த்தார்கள்.

இரண்டு பையிலும் பேனாவால் எழுதிக்கொண்டாள்:
தெப்பம். தூக்கி.
மாறிப்போனால் கொன்றுவிடுவேன் என்று
ரோயிடம் சொல்லிவைத்தாள்.

மிச்சமிருந்த பளபளப்பு முப்பதையும்
ப்ரெய்ஷோ திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.
வாசலில் செருப்பு அடுக்கும் பலகையாயிற்று.
அந்த வீட்டில் அது ஒன்றுதான்
இன்னும் மின்னுகிறது.