ஒன்றிரண்டு துளி வரை

அத்பாஷி மாவு மில்லிலிருந்து
முதல் அழைப்பு.
இயந்திரம் நிற்கவில்லை, அவள்தான் கத்திப் பேசினாள்.
"மோல்தோகே, நாள் முழுக்க மாவு பறக்கிறது.
தொண்டைக்குள் போகிறது.
நோன்பு இருக்கிறதா, போய்விட்டதா?"

இருக்கிறது என்றேன்.
மில் தூசி, பாதைப் புழுதி, அடுப்புப் புகை,
வாய் திறந்த நேரத்தில் உள்ளே போன ஈ,
எதுவும் நோன்பை முறிக்காது.
கிதாபு எழுதியவர்
மில் பக்கம் போய்வந்தவராகத்தான் இருக்க வேண்டும்.
பெயர் கேட்டேன். ஜிபார்குல்.
நன்றிகூடச் சொல்லாமல் வைத்துவிட்டாள்.
மூட்டை வந்திருக்கும்.

நரினில் ஜூன் மாத ரமலான்.
மூன்றரைக்கு முன் ஸஹரை முடித்தால்
இரவு ஒன்பதுக்கு முதல் மிடறு.
தராவீஹ் முடிந்து நான் செருப்பைத் தேடும்போது
மறுநாள் வந்துவிடுகிறது.
என் கைபேசியில் ஊரே கேட்கிறது:
பல் பிடுங்கலாமா, ஊசி போடலாமா,
சூப்பில் உப்புப் பார்க்க நாக்கு நுனி போதுமா,
மறந்து குமிஸ் குடித்தேன், ஒரு கோப்பை அல்ல, இரண்டு.

இரண்டாவது அழைப்பில் இயந்திரச் சத்தம் இல்லை.
தம்பி எர்மெக், யாகுட்ஸ்கில் கட்டட வேலை.
சாரம் சரிந்தது.
விமானத்தில் வருகிறான், பிஷ்கெக்குக்கு.
"லாரி காலை ஐந்துக்கு. நான் பயணியா?"

ஃபஜ்ருக்கு முன் ஊரெல்லையைத் தாண்டியிருந்தால்
விடலாம். ஐந்து மணி என்றால்
அன்றைய நோன்பைப் பிடித்தே ஆக வேண்டும்.
திரும்பும் நாளில் சலுகை உண்டு.
தொழுகையைச் சுருக்கு:
நான்கு ரக்அத் இரண்டாகும்.
மஃரிப் மூன்று, மூன்றேதான்.
ஃபஜ்ரின் இரண்டு, இரண்டேதான்.
"இரண்டைச் சுருக்க முடியாதா?"
முடியாது.
"எங்கள் வீட்டில் சுருங்கிவிட்டதே."

தோலோன் கணவாயில் அன்று ஆலங்கட்டி விழுந்ததாம்.
பெட்டியின் மேல் விழுந்த சத்தத்தைப் பற்றி
லாரிக்காரன் டுல்காஸ் என்னிடம் சொல்ல ஆரம்பித்து
பாதியில் டீசல் விலைக்குத் தாவினான்.

மூன்றாவது அழைப்பு, அடக்கம் முடிந்து நான்காம் நாள்.
இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.
"கண்ணீர் முறிக்குமா?"

பக்கம் எனக்குத் தெரியும். ஆனாலும் புரட்டினேன்,
அவள் கேட்கட்டும் என்று, காகிதச் சத்தம்.
ஒன்றிரண்டு துளி வாய்க்குள் போனால் பாதகமில்லை.
வாய் முழுக்க உப்புக் கரித்து,
அதை விழுங்கியும் விட்டால்
முறியும். ஒரு நாள் களா. கஃப்பாரா இல்லை.

கொஞ்ச நேரம் மில் மட்டும் பேசியது.
"மாவுக்குக் கணக்கில்லை என்றீர்கள்.
கண்ணீருக்கு இரண்டு துளி என்கிறீர்கள்.
என் வாயில் இரண்டும் சேர்ந்தது, மோல்தோகே.
மாவு, தண்ணீர், உப்பு.
நான் விழுங்கியது ரொட்டிக்கான பிசைவு."
சிரித்தாளா என்று தெரியவில்லை.
இன்னும் மீதிப் பகல் இருக்கிறதே, சாப்பிடலாமா என்றாள்.
கூடாது என்றேன். சொல்லும்போது
என் நாக்கு காய்ந்திருந்தது.
முறிந்த நோன்பையும்
மஃரிப் வரை சுமக்கத்தான் வேண்டும்.

பிறகு மறந்தேன். வேறு ஆட்கள், வேறு பற்கள்.

டிசம்பரில் ஒரு மாலை,
பனியில் மினாராவின் பாதி தெரியாத நேரம்:
"அந்த ஒரு நாளை இன்று அடைத்துவிட்டேன்.
பதினேழு மணி நேரக் கடன்,
பதினொன்றிலேயே முடிந்துவிட்டது.
இவ்வளவு மலிவா?"

நாளுக்கு நாள்தான், மணிக்கு மணி இல்லை என்றேன்.
அல்லாஹ் கடிகாரம் பார்ப்பதில்லை என்று
கிதாபில் இல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொண்டேன்.
அதை அவள் கண்டுகொள்ளவில்லை.

"இன்றும் அழுகை வந்தது.
மதியம். மூட்டை தைக்கும்போது.
உப்பு, வாய் முழுக்க."

நான் பக்கத்தைத் தேடவில்லை.

"துப்பிவிட்டேன்" என்றாள்.